மாற்றத்துக்கு ஈடுகொடுக்கப் பிள்ளைகளை வகுப்பிலேயே பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் பக்கம் ஒன்று, ராமேஸ்வரம் தீவுக்குள்ளே ஒன்று, இப்போது தொண்டிக்குப் போகிற வழியில் ஒன்று என்று மூன்று அரசுப் பள்ளிகளில் 22 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் நான் செய்கிற சில விளையாட்டுகளைப் பற்றி ஒரு பயிற்சியில் பேசப்போய், அதற்கப்புறம் கூட்டத்திலும் பஸ்ஸிலும் போனிலும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தகவமைப்புத் திறன்னு கையேட்டுல போட்டிருக்கே டீச்சர், அப்படின்னா என்ன?

நினைத்தது நடக்காதபோது, புதிதாக ஒன்று வந்து நிற்கும்போது, அடுத்து என்ன என்றே தெரியாதபோது, ஒரு பிள்ளை தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு காரியத்தை விடாமல் தொடர்வது. அவ்வளவுதான். கையேட்டுச் சொல் பிள்ளைகள் வாயில் நுழையாது, அதனால் நான் 'ஈடுகொடுப்பது' என்றுதான் சொல்வேன்.

ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ மார்ட்டின் என்ற கல்வி உளவியலாளர் இதைப் பல வருடமாக ஆராய்ந்துவருகிறார். அவர் இதில் மூன்று பார்க்கிறார்: யோசனையை மாற்றுவது, செய்கையை மாற்றுவது, மனதைச் சமாளிப்பது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது என்று வையுங்கள். கரைக்கு வேறு வழி என்ன என்று யோசிக்க வேண்டும், கை சும்மா இருக்காமல் துடுப்பையோ பாயையோ எடுக்க வேண்டும், பதற்றத்தையும் அடக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வேலைக்கு ஆகாது. வகுப்பிலும் அதேதான். சில பிள்ளைகளுக்கு யோசனை வரும், ஆனால் அழுகை முந்திக்கொள்ளும்.

நம்ம பிள்ளைக கடக்கரைப் பிள்ளைக, அதுகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கணுமா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் பாதி பதில் கேள்வியிலேயே இருக்கிறது. பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். வாடை வீசுகிற மாதங்களில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குப் பக்கம் புரளும். நாட்டுப்படகுக்காரர்கள் பலர் காற்றைப் பார்த்துத் தொழிலை ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள், வலையும் அதற்கேற்ப மாறுகிறது. இதை ஐந்தாம் வகுப்புப் பையன் விரல்விட்டுச் சொல்வான்.

ஆனால் அதே பையன், கணக்கில் 'மாம்பழம்' என்று இருந்த இடத்தில் 'நாற்காலி' என்று வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். ஓரிடத்தில் பழகிய திறமை இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து வராது, நாம்தான் கூட்டிவர வேண்டும். "காத்து மாறுனா உங்க அப்பா என்ன செய்வாரு? இந்தக் கணக்குல இப்ப காத்து மாறியிருக்கு" என்று ஒரு தடவை சொல்லிப்பாருங்கள். அவன் வீட்டில் இருக்கிற அறிவுக்கு வகுப்பில் ஒரு மதிப்பு கிடைத்துவிட்டது என்று அவன் முகத்திலேயே தெரியும்.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

ஐந்து வயதிலிருந்து தைரியமாக. சின்னப் பிள்ளைகளிடம் செய்கிற பிரபலமான சோதனை ஒன்று உண்டு. படங்கள் போட்ட அட்டைகளை முதலில் நிறத்தை வைத்துப் பிரிக்கச் சொல்வார்கள். பிறகு "இனிமே உருவத்தை வச்சுப் பிரி" என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை புது விதி என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்லும், கை மட்டும் பழையபடி நிறத்தை வைத்தே பிரித்துக்கொண்டிருக்கும். ஐந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் மாறிவிடுகிறார்கள். அதனால் அங்கன்வாடிப் பிள்ளை விதி மாறியதும் தடுமாறினால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்த வயதுக்கு அப்படித்தான் இருக்கும்.

நாளைக்கே செய்யிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, செலவு இல்லாம.

மேலே சொன்ன அட்டைச் சோதனையை நான் சிப்பி விளையாட்டாக மாற்றிவைத்திருக்கிறேன். ஒரு பை நிறையச் சிப்பி, சோழி, உடைந்த சங்குத் துண்டு. கரையில் ஒதுங்கிக் கிடப்பது போதும். உயிரோடு இருப்பதையும் பவளப்பாறையையும் தொடவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் பக்கத்துத் தீவுகள் 21-ம் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுத்துவர வேண்டாம்.

நான்கு நான்கு பேராக உட்காரவைத்து, முதலில் நிறம். எல்லாரும் வேகம் பிடித்ததும், பாதியில் நான் கையைத் தட்டி "அளவு" என்பேன். குவியலைக் கலைக்கக் கூடாது, இருக்கிற இடத்திலிருந்தே மாற வேண்டும். மறுபடி கை தட்டி "சத்தம்" என்பேன், அதாவது தரையில் தட்டினால் கணீர் என்று கேட்பது ஒரு பக்கம், மொத்தென்று கேட்பது இன்னொரு பக்கம். இந்த மூன்றாவது விதி வரும்போது வகுப்பே சிரிக்கும். நான்காவது தடவை விதியை நான் சொல்வதில்லை, ஒரு குழு விதியை மனதுக்குள் வைத்துப் பிரிக்கும், மற்ற குழு பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசி மூன்று நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். "விதி மாறினப்ப முதல்ல என்ன தோணுச்சு? அப்புறம் என்ன செஞ்சே?" இந்த இரண்டு கேள்வி. ஆரம்பத்தில் "ஒண்ணும் தோணலை டீச்சர்" என்பார்கள். ஒரு மாதம் போனதும் "எரிச்சலா இருந்துச்சு, அப்புறம் கவிதா என்ன செய்றான்னு பாத்தேன்" என்று வரும். முதல் கேள்வியில் சொன்ன மூன்றும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. இந்தப் பேச்சு இல்லாவிட்டால் அது வெறும் சிப்பி விளையாட்டுதான்.

ஒரே மாதிரி நூறு தடவை செஞ்சாத்தானே கை பழகும்? மாத்திமாத்திச் செஞ்சா குழம்பாதா? (எங்கள் விளையாட்டு ஆசிரியர், பி.டி. சார் கேட்டது)

குழம்பும், கொஞ்ச நேரம். அந்தக் குழப்பத்தில்தான் பலன் இருக்கிறது. 1978-ல் கெர், பூத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் 3 அடி தூரத்திலிருந்து மட்டும் சின்னப் பையை இலக்கில் எறிந்து பழகியது. இன்னொரு கூட்டம் 2 அடியிலிருந்தும் 4 அடியிலிருந்தும் பழகியது, 3 அடியில் எறிந்ததே இல்லை. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது நன்றாக எறிந்தது இரண்டாவது கூட்டம்! பி.டி. சார் நம்பவில்லை. அவரே எங்கள் மைதானத்தில் மணல் மூட்டை வைத்து எறியவிட்டுக்கொண்டிருக்கிறார், தினம் தூரம் மாறுகிறது.

பாடத்திலும் இதையே செய்யலாம். கூட்டல் பத்து, அப்புறம் கழித்தல் பத்து என்று கொடுக்காமல் கலந்து கொடுங்கள். அன்றைக்கு மதிப்பெண் குறையும், பயப்படாதீர்கள். பரீட்சையில் கணக்குகள் கலந்துதானே வரும்? முதல் தடவை கற்றுக்கொடுக்கும்போது மட்டும் ஒன்றையே செய்யவிடுங்கள், அது புரிந்தபிறகு கலக்கலாம்.

கணக்குல எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ஏத்த மாதிரி ஏதாவது இருக்கா?

இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 1942-ல் லூச்சின்ஸ் என்பவர் வெளியிட்ட தண்ணீர்ப் பாத்திரக் கணக்கு. மூன்று பாத்திரம், அளவுக்கோடு எதுவும் கிடையாது, கேட்ட அளவைத் தண்ணீர் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். நான் செம்பு, குடம், அண்டா என்று வைத்துக்கொள்வேன். குடம் 21, அண்டா 127, செம்பு 3, வேண்டியது 100. அண்டாவை நிரப்பி, அதிலிருந்து ஒரு குடமும் இரண்டு செம்பும் எடுத்துவிட்டால் 100. அடுத்து 9, 42, 6 வைத்து 21. அதுவும் அதே வழி. அடுத்து 20, 59, 4 வைத்து 31. அதே வழிதான். பிள்ளைகள் வேகம் பிடித்துவிடுவார்கள்.

இப்போது 23, 49, 3 வைத்து 20 கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், 49-இல் 23 கழித்து ஆறு கழித்து 20 என்று. விடை சரிதான். ஆனால் குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்தாலே 20 ஆயிற்றே? யாராவது ஒருத்தி பின்வரிசையிலிருந்து இதைச் சொல்வாள், வகுப்பு அப்படியே நிற்கும். உடனே 28, 76, 3 வைத்து 25. இதில் பழைய வழி வேலையே செய்யாது, நேர்வழி ஒன்றுதான். பழைய வழியிலேயே போனவர்கள் "கணக்கு தப்பு டீச்சர்" என்று சாதிப்பார்கள்.

அந்த இடத்தில் நான் பாடம் எதுவும் நடத்துவதில்லை. "கெட்டிக்காரங்களுக்கும் இது நடக்கும், நல்லாப் பழகின வழிதான் கண்ணை மறைக்குது" என்று சொல்லிவிட்டு, அவரவர் தினம் செய்கிற ஒரு வேலையை எடுத்து வேறு வழி உண்டா என்று யோசிக்கச் சொல்வேன். ஒரு வருடம் ஒரு பையன், தண்ணீர்க் குழாயடிக்குப் போகிற வழியை மாற்றி இருபது குடும்பத்துக்குக் குறுக்குவழி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தான்.

போர்ஷன் முடிக்கவே நேரம் இல்ல, இதை எங்க நுழைக்கிறது?

தனிப் பீரியட் கேட்காதீர்கள், கிடைக்காது. கலந்த கணக்குக்குக் கூடுதல் நேரம் வேண்டாம். தமிழ்ப் பாடத்தில் கதையை முடிவுக்கு முன்னால் நிறுத்தி, "மழை பெய்யலைன்னா கதை எப்படிப் போகும்?" என்று கேட்க ஐந்து நிமிடம். வாரத்துக்கு இரண்டு தடவை பத்து நிமிடம் போதும் என்பது என் அனுபவம். அதைவிட அதிகமாகச் செய்தபோது பிள்ளைகளுக்கு அதுவும் சடங்காகப் போய்விட்டது.

அஞ்சு வகுப்புக்கும் நான் ஒருத்திதான். குழு வேலையெல்லாம் எனக்கு எப்படி டீச்சர் நடக்கும்?

உங்கள் பள்ளியில்தான் நன்றாக நடக்கும். வயது கலந்த குழுவில் ஒவ்வொருவரும் தினம் ஏதோ ஒரு வகையில் மாறித்தான் ஆக வேண்டும், பெரியவள் சின்னவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லை மாற்ற வேண்டும்.

ஜிக்சா முறையை முயன்று பாருங்கள். 1971-ல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் எலியட் ஆரன்சன் ஆரம்பித்தது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து, தினம் சண்டை நடந்த காலம். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டார். என் துண்டு உனக்கு வேண்டும், உன் துண்டு எனக்கு வேண்டும், ஒருவர் இல்லாமல் ஒருவருக்குப் பாடம் முழுமையாகாது.

நான் இதற்குப் பாம்பனை எடுத்துக்கொள்வேன். கப்பலும் போக வேண்டும், மேலே வண்டியும் போக வேண்டும் என்ற ஒரே சிக்கலுக்கு அங்கே மூன்று விடை கண்டிருக்கிறார்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், நடுவில் இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழுந்தது, 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 1988-ல் வந்த சாலைப் பாலம், படகுகள் அடியிலேயே போகிற உயரத்துக்குக் கட்டப்பட்டது, திறக்கவே வேண்டாம். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக மேலே போகும். ஒரு பாலத்துக்கு ஒரு குழு. நான்காவது துண்டு, 1964 புயலில் ரயில் பாலம் சிதைந்தபோது ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்த கதை. புதிதாக இரும்புச் சட்டங்கள் செய்துவரும்வரை காத்திருக்காமல், கடலுக்குள் விழுந்ததையே தூக்கி எடுத்துப் பொருத்தினார்கள். எல்லாத் துண்டும் சேர்ந்ததும், "நாலாவது பாலம் நீங்க கட்டுங்க" என்று தீக்குச்சியும் நூலும் கொடுத்துவிடுவேன். பாதி வேலையில் நூலைத் திரும்ப வாங்கிக்கொள்வேன், மீதியை நூல் இல்லாமல் முடிக்க வேண்டும்.

விதியை மாத்துனதும் சில பிள்ளைக அழுதுருதுக, சிலது அடிக்க வருது. அப்ப என்ன செய்ய?

மாற்றம் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். இதில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பள்ளியில் ஒரு திங்கட்கிழமை, பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்து, இடத்தை மாற்றி, குழுவை மாற்றி, பாடவேளையையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே நாளில் புரட்டிப்போட்டேன். நன்றாகப் படிக்கிற ஒரு பெண் நான்கு நாள் பேசவே இல்லை. அம்மா வந்து, "வீட்டுலதான் தினம் ஒண்ணு மாறுது, பள்ளிக்கூடமாவது ஒரே மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்றார். அந்தச் சொல் இன்னும் என்னோடு இருக்கிறது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு சமயத்தில் ஒன்றுதான் மாறும். மற்றதெல்லாம், பிரேயர், உட்காரும் இடம், நான் சொல்லும் வணக்கம், சாப்பாட்டு வரிசை எல்லாம் அப்படியே இருக்கும். நங்கூரம் போட்ட படகும் அலைக்கு ஆடும், ஆனால் போய்விடாது. "இன்னைக்கு விளையாட்டுல ஒண்ணு மாறப்போகுது, எதுன்னு சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அழுகிற பிள்ளைக்கு அடுத்த சுற்றில் கை தட்டுகிற வேலையைக் கொடுங்கள். மாற்றத்தைத் தானே கொண்டுவருகிற பிள்ளைக்கு அதன்மேல் பயம் குறைகிறது.

ஆட்டிசம் உள்ள பையன் என் வகுப்புல இருக்கான். அவனையும் சேக்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் திடீர் மாற்றம் அவனுக்கு வேண்டாம். அன்றைய வேலைகளைப் படமாக வரிசையில் ஒட்டிவையுங்கள். மாறப்போகிற இடத்தில் ஒரு மஞ்சள் அட்டை, அதைக் காலையிலேயே அவனிடம் காட்டிவிடுங்கள். இரண்டு வழியில் எது வேண்டும் என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதை வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியரிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுச் செய்யுங்கள். அவன் அன்றைக்கு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலும் குறைவில்லை.

புயல் லீவு, தடைக்காலம்னு வருசத்துல பாதி நாள் இங்க ஒழுங்காவே ஓடுறதில்ல. அதை எப்படிச் சமாளிக்க?

இதை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். 1-லிருந்து 11 வரை எண்களுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு குழு வீட்டில் விசாரித்து வரட்டும். பிறகு, "நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை, கரெண்டும் இல்லை. என்ன படிப்பே, யாரோட படிப்பே?" என்று ஆளுக்கு அரைப் பக்கத் திட்டம் எழுதச் சொல்லுங்கள். லீவு முடிந்து வந்ததும் திட்டத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை, நடக்காததற்கு என்ன மாற்று செய்தார்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை "எழுதுனது எதுவும் நடக்கலை, தம்பியைப் பாத்துக்கிட்டேன்" என்று சொன்னால் அதையும் மதித்துக் கேளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகு ஓடாது, வீட்டில் கையில் காசு புழங்காது. பரீட்சை நேரத்தில் சில பிள்ளைகள் சுருங்கிப்போவதற்கு அது ஒரு காரணம். அந்த வாரங்களில் புது விளையாட்டுக்குப் போகாதீர்கள், தெரிந்ததையே செய்யுங்கள். 1964 டிசம்பர் புயலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், தாத்தா பாட்டி சொல்ல விரும்புகிற அளவுக்கு மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். தனுஷ்கோடியில் ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன.

அப்பாவை இலங்கை நேவி புடிச்சிட்டுப் போயிருச்சு. அந்தப் பிள்ளைகிட்ட போயி ஈடுகொடுன்னு எப்படி டீச்சர் சொல்றது?

சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதெல்லாம் விளையாட்டில், பாடத்தில் வருகிற சின்ன மாற்றங்களுக்கு. அப்பா எப்போது வருவார் என்று தெரியாத வீட்டின் பாரத்தை எந்த வகுப்பறைச் செயல்பாடும் இறக்கிவைக்காது. அந்தப் பிள்ளையை வைத்து "பாருங்க, எவ்வளவு தைரியமா இருக்கான்" என்று வகுப்பில் சொல்வதும் தப்பு. அவன் அழுவதற்கு இருந்த இடத்தையும் அது பறித்துவிடும்.

நான் செய்வது கொஞ்சம்தான். வகுப்பில் யாரும் அவனைத் துருவிக் கேட்காமல் பார்த்துக்கொள்வேன். அழுகை பற்றிய கேள்வியில் சொன்ன நங்கூரம் அவனுக்கு இரண்டு மடங்கு வேண்டும், எதுவும் மாறாமல் இருக்க வேண்டும். தினம் ஒரு சின்னப் பொறுப்பு, சாக்பீஸ் எடுத்துவருவது மாதிரி. ஹோம்வொர்க் பற்றிக் கேட்பதில்லை. மதியம் சத்துணவு நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருவேன், பேச்சுக் கொடுக்காமல். ஒருநாள் அவனாகப் பேசினால் கேட்டுக்கொள்வேன். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடவில்லை என்றால் அம்மாவிடம் பேசி மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். அப்பா வந்தபிறகும் கொஞ்சநாள் அவன் பழையபடி ஆகமாட்டான், அதற்கும் நேரம் கொடுங்கள்.

எல்லாம் சுத்திவந்து "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ"ன்னுதானே சொல்றீங்க? பொம்பளைப் பிள்ளைகளுக்கு அதைத்தான் பொறந்ததுலேருந்து சொல்றோமே.

இதைக் கேட்டது ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண். ரொம்ப நியாயமான கேள்வி, நான் ஒரு வாரம் யோசித்தேன்.

இரண்டும் வேறு. அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்றால் நீ சுருங்கிக்கொள், மற்றது எதுவும் மாறாது என்று அர்த்தம். ஈடுகொடுக்கிறவளுக்கு முன்னால் பல வழி இருக்கிறது: தன்னை மாற்றலாம், வழியை மாற்றலாம், உதவி கேட்கலாம், இது சரியில்லை என்று சொல்லி விதியையே மாற்றவும் கேட்கலாம். நம் கரையிலேயே பார்க்கலாம். கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குத் தேசியப் பூங்கா வந்தபிறகு நெருக்கடி வந்தது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமியும் மற்ற பெண்களும் தங்கள் தொழில் உரிமைக்காகப் பேசினார்கள். அதே சமயம் மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும்தான் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். 2015-ல் லட்சுமிக்குச் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பு பரிசு தந்தது. இதை அட்ஜஸ்ட் என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பெண் கேட்டதற்கப்புறம் சிப்பி விளையாட்டில் ஒரு விதி சேர்த்தேன். புது விதி நியாயமில்லை என்று தோன்றினால் எந்தக் குழுவும் கை தூக்கலாம், காரணம் சொன்னால் விளையாட்டு நிற்கும், பேசி மாற்றுவோம். முதலில் கை தூக்கியது பெரும்பாலும் பையன்கள்தான். பெண்களும் சரிக்குச் சரியாகத் தூக்க ஒரு பருவம் ஆனது.

இதுக்கு மார்க் போடலாமா? ஆண்டாய்வுல கேட்டா எதைக் காட்ட?

மார்க் வேண்டாம். மார்க் வந்தால் பிள்ளை பயந்துபோய் நிச்சயமான வழியையே பிடித்துக்கொள்ளும், நாம் எதைப் பழக்க நினைத்தோமோ அது போய்விடும். நான் ஒரு நோட்டில் மூன்று மட்டும் குறிப்பேன்: மாற்றம் வந்ததும் மறுபடி வேலையைத் தொடங்க எவ்வளவு நேரம் எடுத்தது, முதல் வழி தோற்றதும் இரண்டாவதை முயன்றதா, உதவி கேட்டதா. ஜூனில் எழுதியதையும் பிப்ரவரியில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆய்வுக்கு வருகிறவருக்கு அதுவே போதும்.

நானே மாற்றம்னா பதறுற ஆளு டீச்சர். நான் எப்படிச் சொல்லிக் கொடுக்க?

பதறுவதை மறைக்காமல் சத்தமாகச் செய்யுங்கள். ஸ்மார்ட் போர்டில் பாடம் ஆரம்பித்ததும் கரெண்ட் போனால், "எனக்கு எரிச்சலா வருது. சரி, இப்ப என்ன செய்யலாம், கரும்பலகையில ஒரு படம் போடுறேன், யாரு உதவிக்கு வர்றா?" என்று வாய்விட்டே யோசியுங்கள். பெரியவர்களுக்கும் முதலில் எரிச்சல்தான் வருகிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும். எதற்கும் அசையாத டீச்சரைப் பார்த்து அவர்களால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இதெல்லாம் பழக்கிட்டு நீங்க டிரான்ஸ்ஃபர்ல போயிட்டீங்கன்னா?

போயிருக்கிறேன், இரண்டு தடவை. முதல் தடவை கடைசி நாளில்தான் சொன்னேன், அது சரியில்லை. இரண்டாவது தடவை ஆர்டர் வந்த அன்றே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். "டீச்சர் மாறப்போறாங்க, வேற எதெல்லாம் மாறாது?" என்று கேட்டு அவர்களையே எழுதவைத்தேன். கரும்பலகை, வேப்பமரம், சிப்பிப் பை, வெள்ளிக்கிழமை விளையாட்டு என்று பதினேழு எழுதினார்கள். பிறகு மூன்று வாரம் விளையாட்டை அவர்களே நடத்த நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். போவதற்கு முன் சிப்பிப் பையும் விதிச் சீட்டுகளும் இருக்கிற பெட்டியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று புது டீச்சருக்கு ஒரு தாளில் எழுதி மேஜை டிராயரில் வைத்தேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பிள்ளைகள் பெயரோடு, எந்தப் பிள்ளைக்கு மஞ்சள் அட்டை வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவையுங்கள்.